பேரீச்சம்பழத்துக்குப் போட்ட படங்கள்

1931-ம் வருஷம், அக்டோபர் மாதக் கடைசி. சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனில் பம்பாயிலிருந்து வந்த ஒரு பெட்டி இறங்குகிறது. ஸ்டேஷன் வாசலில் ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். வந்தது மகாராஜாவோ மந்திரியோ இல்லை. தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற 'காளிதாஸ்' படத்தின் ரீல்கள். வால்டாக்ஸ் ரோட்டில் இருந்த 'கினிமா சென்ட்ரல்' தியேட்டர் வரைக்கும் அந்தப் பெட்டியை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ரோஜாப்பூ தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஊதுவத்தி கொளுத்தினார்கள். சாமி புறப்பாடு மாதிரி.

அந்தப் பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

இல்லை. முழுப் படம் இல்லை, பாதி இல்லை, ஒரு ரீல்கூட இல்லை. சில புகைப்படங்களும் அன்றைய பத்திரிகைகளில் வந்த குறிப்புகளும்தான் மிச்சம். டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, ஹீரோ தெலுங்கில் பதில் சொல்ல, இன்னும் சிலர் இந்தியில் பேச, அப்படியொரு விநோதமான அவியல் அந்தப் படம். கேட்கவே ஆசையாக இருக்கிறதல்லவா? உங்களுக்கும் எனக்கும் கொடுப்பினை இல்லை. நம் தாத்தாக்கள் தேங்காய் உடைத்தார்கள். அப்பாக்கள் தொலைத்தார்கள். நாம் வினாடி வினாவில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே, "தீப்பிடிச்சு எரிஞ்சிருக்கும் சார், அந்தக் காலத்து ஃபிலிம் அப்படி" என்பார்கள். பொய் இல்லை. 1950-களின் தொடக்கம் வரை உலகம் முழுக்க சினிமாவுக்குப் பயன்பட்டது நைட்ரேட் ஃபிலிம். வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. பற்றிக்கொண்டால், எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே தயாரித்துக்கொள்ளும். தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். 2003 ஜனவரியில் புனேயில் அரசாங்கத்தின் சொந்த நைட்ரேட் கிடங்கே எரிந்தது. ஆகவே தீயின் மேல் பழி போடுவது சுலபம். தீ எதிர்த்துப் பேசாது.

ஆனால், தீ மட்டும்தான் குற்றவாளியா? நான் பி.காம். படித்தவன். சினிமாக்காரர்கள் கண்ணீரோடு பார்க்கிற விஷயத்தைக் கணக்குப் புஸ்தகத்தோடு பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஒரு மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். கடைசியில் ஒரு தொகை நிற்கும். அதற்குப் பெயர் ஸ்கிராப் வேல்யூ. காயலான் கடைக்காரன் கொடுக்கிற விலை. சினிமாவுக்குத் தேய்மானம் இன்னும் வேகம். 1962-ம் வருஷத்து வருமான வரி விதிகளில் 9ஏ என்று ஒரு விதி இருந்தது. நிதியாண்டு முடிய 90 நாள் இருக்கும்போதே படம் ரிலீஸாகிவிட்டால், தயாரிப்புச் செலவு முழுவதையும் அந்த ஒரே வருஷத்தில் கழித்துக்கொள்ளலாம். தயாரிப்பாளருக்கு நியாயமான சலுகைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதன் அர்த்தத்தைப் பாருங்கள். தீபாவளிக்கு வந்த படம், ஏப்ரல் ஒன்றாம் தேதி கணக்குப் புஸ்தகத்தில் பூஜ்யம்!

விதி பின்னால் வந்தது. புத்தி அதற்கு வெகு காலம் முன்பே அப்படித்தான் இருந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நீங்கள் பார்க்கிற பிம்பம் வெள்ளித் துகள்களால் ஆனது. நிஜமான வெள்ளி, கொலுசு செய்கிற வெள்ளி. ஓடி முடிந்த படத்தைக் கழுவினால் அந்த வெள்ளியைப் பிரித்து எடுத்துவிடலாம். பிம்பம் போன வெறும் ஃபிலிமும் வீணாகாது, வளையல் செய்யப் போகும். இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா' (1931) கதை அதுதான். அதை எடுத்த அர்தேஷிர் இரானியின் மகனே, ரீல்களை வெள்ளிக்காகத் தள்ளிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். பழைய இரும்புச் சாமானுக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவுவார்களே, அதே வியாபாரம். எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நம் வீட்டில் பழைய பேப்பரை எடைக்குப் போடும்போது நமக்கென்ன கெட்ட எண்ணமா இருக்கிறது?

கேரள சினிமாவின் தந்தை என்று கொண்டாடப்படுகிற ஜே.சி.டேனியல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். சொத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்து, நொடித்துப் போனவர். அந்த ரீல்களைச் சின்ன வயதில் தான்தான் விளையாட்டாகக் கொளுத்திவிட்டதாக அவர் மகன் பிற்பாடு ஒப்புக்கொண்டார். குழந்தை கையில் தீப்பெட்டி கிடைத்தது தற்செயல். ரீல் கிடைத்தது தற்செயல் இல்லை. வீட்டில் யாருக்குமே அது வேண்டாத பொருளாகியிருந்தது.

இப்போது இன்னொரு படம். 'மார்த்தாண்ட வர்மா', 1933. தயாரித்தவர் நாகர்கோவில் ஆர்.சுந்தர்ராஜ். சி.வி.ராமன் பிள்ளை எழுதிய பிரபல மலையாள நாவலை மௌனப் படமாக எடுத்தார். திருவனந்தபுரத்தில் ரிலீஸ். நாவலின் உரிமை திருவனந்தபுரம் கமலாலயா புக் டிப்போ என்ற பதிப்பகத்திடம் இருந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சில நாட்களிலேயே படம் நிறுத்தப்பட்டு பிரிண்ட் பறிமுதல் ஆனது. சுந்தர்ராஜைப் பொறுத்தவரை முதலும் போச்சு, வட்டியும் போச்சு.

பிரிண்ட் பதிப்பகத்தின் வசமே கிடந்தது. ஓட்ட முடியாது, எனவே தேயவில்லை. விற்க வேண்டிய அவசரமும் இல்லை, எனவே வெள்ளிக்குப் போகவில்லை. நாற்பது வருஷம் தூங்கியது. 1974-ல் புனேயிலிருந்து ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சென்னையிலும் தென்னகத்தின் மற்ற ஊர்களிலும் எடுத்த அத்தனை மௌனப் படங்களிலும் காப்பகத்தில் தங்கியது இது ஒன்றுதான் என்கிறார்கள். நடராஜ முதலியார் 1910-களின் பிற்பகுதியில் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த 'கீசக வதம்' இல்லை. ஓஹோவென்று ஓடிய படங்கள் இல்லை. கேஸில் மாட்டி ஓடாமல் போன படம் இருக்கிறது. இதைவிடப் பெரிய கேலி நம் சினிமா சரித்திரத்தில் இல்லை.

'மார்த்தாண்ட வர்மா' மகா காவியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் திருவிதாங்கூர் மகாராஜா கோயிலிலிருந்து ஊர்வலம் வரும் நிஜமான காட்சியைச் சேர்த்திருக்கிறார்கள். கதைக்காக எடுத்த வீராவேசங்கள் பழசாகிவிட்டன. ஒப்புக்குச் சேர்த்த அந்தத் தெருவும் கூட்டமும் இன்றைக்குப் பொக்கிஷம். எடுத்தவருக்கு அப்போது இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

புனே ஆள் என்று சொன்னேனே, அவர் பெயர் பி.கே.நாயர். திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகத்தில் மறு வருஷமே சேர்ந்து, 1991-ல் இயக்குநராக ஓய்வு பெற்றவர். அதற்குள் 12,000 படங்கள் சேர்த்துவிட்டார், அதில் 8,000 இந்தியப் படங்கள். பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) படத்திலிருந்து கொஞ்சமாவது நாம் பார்க்க முடிகிறது என்றால், இவர் பால்கேயின் குடும்பத்தைத் தேடிப்போய்க் கேட்டு வாங்கியதால்தான்.

இவரைப் பற்றி சிவேந்திர சிங் துங்கர்பூர் எடுத்த 'செல்லுலாய்ட் மேன்' (2012) டாகுமென்டரியை அவசியம் பாருங்கள். பெரிய பெரிய டைரக்டர்கள் எல்லாம் நாயர் சாரைப் பற்றி உருகுகிறார்கள். அதைவிட என்னை அசைத்தது வேறு காட்சி. கர்நாடகாவில் ஹெக்கோடு என்ற கிராமம். அங்கே விவசாயிகள் நிதானமாக உட்கார்ந்துகொண்டு, காப்பகம் அனுப்பிய பெட்டிகளில் வந்த குரோசாவாவின் 'ராஷோமோன்', ரேயின் 'பதேர் பாஞ்சாலி' எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறார்கள். அடுத்த ஊர் ஜாத்திரையைப் பற்றிப் பேசுகிற மாதிரி, அவ்வளவு இயல்பாக. காப்பகம் என்பது பூட்டு போட்ட பீரோ இல்லை என்பதை அந்த ஐந்து நிமிஷம் சொல்லிவிடுகிறது.

குறையும் சொல்ல வேண்டும். படம் ரொம்ப நீளம். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். பாராட்டுரைகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்து, பணி ஓய்வுப் பாராட்டு விழாவில் மாட்டிக்கொண்ட உணர்வு வருகிறது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மெதுவாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார் டைரக்டர். ஒரு தேசத்தின் காப்பகம் ஏன் ஒரே ஒரு மனிதனின் பைத்தியத்தை நம்பி ஓடியது? அவர் ரிடையர் ஆன மறுநாள் அந்தப் பைத்தியம் யாருக்கு மாற்றலாகியது? எந்தக் காட்சி எந்த ரீலில் வரும் என்று நாயருக்கு மனப்பாடம் என்கிறார்கள். கேட்க சுகமாக இருக்கிறது. ஆனால் நிர்வாகம் என்பது ஒருவருடைய ஞாபகசக்தியா? 2022-ல் அந்தக் காப்பகத்தைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். எத்தனை நாயர்கள் அங்கே உருவாகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

நாயரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, அவர் பொறுக்கி எடுக்கவில்லை என்பது. நல்ல படம், மட்டமான படம், சண்டைப் படம், சாமி படம், எதுவானாலும் வரட்டும் என்றார். விமர்சகனாக எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிற விஷயம்தான். வாரா வாரம் 'இது தேறும், அது தேறாது' என்று எழுதுகிறவன் நான். ஆனால் பாருங்கள், என் மாதிரி ஆசாமி 1974-ல் அந்தப் பதவியில் இருந்திருந்தால் 'மார்த்தாண்ட வர்மா'வுக்கு டிக்கெட் எடுத்துத் திருவனந்தபுரம் போயிருப்பேனா? சத்தியமாக மாட்டேன்.

சரி, இப்போதுதான் எல்லாம் டிஜிட்டல் ஆச்சே, இன்னும் என்ன புலம்பல் என்கிறீர்களா? 2012-ல் 'கர்ணன்' படத்தை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டார்கள். 48 வருஷப் பழைய படம், புதுப் படங்களோடு மல்லுக்கட்டி ஓடியது. தியேட்டரில் விசில். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறைக்கவில்லை. 2014-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. அதுவும் ஓடியது. ஸ்கிராப் என்று நினைத்தது சொத்து என்று கோடம்பாக்கத்துக்குப் புரிந்தது. மிகவும் சந்தோஷம்.

ஆனால் இங்கே 'புதுப்பித்தல்' என்ற பெயரில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். சதுரமாக எடுத்த படத்தை அகலத் திரைக்கு இழுக்க, மேலேயும் கீழேயும் வெட்டுகிறார்கள். ஹீரோவின் கிரீடம் பாதி போகிறது, நாட்டியக்காரியின் பாதம் போகிறது. ஒற்றை ஸ்பீக்கருக்காகச் சேர்த்த ஒலியைப் பிரித்து, வாளுக்கு ஒரு 'ஸ்வீங்', குதிரைக்கு ஒரு 'டகடக' புதிதாகச் சேர்க்கிறார்கள். பழைய கோயில் மண்டபத்துச் சிற்பத்தின் மேல் எனாமல் பெயின்ட் அடித்துவிட்டு 'திருப்பணி' என்று கல்வெட்டு வைப்போமே, அந்த ரகம். வியாபாரத்துக்காகச் செய்யட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எடுத்த மாதிரியே ஒரு பிரதியை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு அப்புறம் செய்யட்டும். அதோடு, சிவாஜி, எம்.ஜி.ஆர். படம் என்றால் பணம் போட ஆள் வரும். கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க நன்கொடையாளர் கிடைப்பார். தெருக்கோடிப் பிள்ளையாருக்கு யார்?

"எல்லாம்தான் யூடியூபில் இருக்கே" என்று ஒரு நண்பர் சொன்னார். போய்ப் பாருங்கள். டி.வி. சேனல் லோகோவோடு, இரண்டு பாட்டு வெட்டப்பட்டு, முகம் எல்லாம் மாவு பூசின மாதிரி ஒரு படம் ஓடும். அது படத்தின் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ். ரேஷன் கார்டு ஜெராக்ஸைக் காட்டினால் கடைக்காரர் அரிசி போடுவாரா?

அசல் நெகட்டிவ்களின் நிலைமைதான் கவலை. நம் ஊரில் நெகட்டிவ் என்பது கலைப்பொருள் இல்லை, அடமானப் பொருள். ஃபைனான்ஸியரிடம் கடன் வாங்க, லேபிலிருந்து ஒரு லெட்டர் வாங்கிக் கொடுப்பார்கள். 'லேப் லெட்டர்' என்று பெயர். கடன் அடையாமல் நெகட்டிவ் வெளியே போகாது. படம் படுத்தால் கடன் அடையாது. பெட்டி லேபிலேயே கிடக்கும். தயாரிப்பாளர் காலமாவார், வாரிசுகள் நாலு பேர், நாலு திசை. 2010-களில் சென்னை லேப்கள் ஒவ்வொன்றாக ஃபிலிம் கழுவுவதையே நிறுத்தின. அப்போது அந்த அநாதைப் பெட்டிகளுக்கு யார் வாடகை கொடுப்பது? ஏ.சி.க்கு யார் கரன்ட் பில் கட்டுவது? ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினாலும் அதே கேள்விதான். சில வருஷத்துக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தலைமுறை மறந்தால் போச்சு.

பாதுகாப்பதற்கு வெளிநாட்டுக்காரன் மூளை வேண்டும் என்று நினைக்காதீர்கள். கை வேலையும் பொறுமையும் போதும். 1993-ல் லண்டனில் ஒரு லேப் தீப்பிடித்தபோது 'பதேர் பாஞ்சாலி' உள்ளிட்ட ரேயின் நெகட்டிவ்கள் கருகிப்போயின. அன்றைய கணக்கில் அது ஸ்கிராப்புக்கும் கீழே. ஆனால் அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமியின் காப்பகம் அந்தக் கருகல்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தது. இருபது வருஷம் கழித்து இத்தாலியில், பொலோனியாவில், கருகியதைப் பதப்படுத்தி, கிழிந்த ஓரங்களைக் கையால் ஒட்டி, ஃபிரேம் ஃபிரேமாக மீட்டார்கள். 2015-ல் நியூயார்க்கில் துர்காவும் அப்புவும் மறுபடி ரயிலைத் தேடி ஓடினார்கள். நம்மாலும் முடியும். 2017-ல் சென்னையிலேயே ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் ஒரு பயிற்சி முகாம் நடத்தி, இந்த வேலையை இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

நமக்குக் குறைவது சட்டம். 1954-ல் ஒரு சட்டம் போட்டார்கள். இந்தியாவில் புத்தகம் அச்சடிப்பவர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம் கன்னிமாரா உள்ளிட்ட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் ஆளுக்கொரு பிரதி இலவசமாக அனுப்ப வேண்டும். அம்பது பக்கத்து ஜோசியப் புத்தகத்துக்கும் அது பொருந்தும். பல கோடி கொட்டி எடுக்கிற சினிமாவைக் காப்பகத்துக்கு ஒரு பிரதி கட்டாயம் கொடு என்று அப்படியொரு சட்டம் இல்லை. தேசிய விருது வாங்கினால் பிரதி கேட்பார்கள். வாங்காத படம்?

இந்தப் புத்தக - சினிமா வித்தியாசத்துக்கு நம்மிடமே ஓர் உதாரணம் உண்டு. 'உலகம் சுற்றிய தமிழன்' ஏ.கே.செட்டியார். காந்தி உயிரோடு இருக்கும்போதே அவரைப் பற்றி முழுநீள டாகுமென்டரி எடுக்க வேண்டும் என்று 1937-ல் கப்பல் பயணத்தில் தோன்ற, கண்டம் கண்டமாக அலைந்தார். யார் யாரோ எடுத்து வைத்திருந்த காந்திக் காட்சிகள் 50,000 அடி சேர்த்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 1940-ல் தமிழில் படத்தை வெளியிட்டார். பிறகு அது தெலுங்கில் வந்தது, இந்தியில் வந்தது, 1953-ல் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவமும் பெற்றது. அந்த ஆங்கில வடிவத்தை வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார். தமிழ்ப் படம்? காணோம். ஆனால் அதை எடுத்த அனுபவத்தைச் செட்டியார் எழுதியிருந்தார். அது 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று புத்தகமாகக் கிடைக்கிறது. படம் எடுத்த கதை இருக்கிறது, படம் இல்லை.

2016 மார்ச் 4-ம் தேதி பி.கே.நாயர் காலமானார். அதே மாதம் 21-ம் தேதி நம் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் காலமானார். தமிழ்ப் படங்களின் ஸ்டில்லையும் தகவலையும் தனி ஆளாக, வீடு நிறையச் சேர்த்தவர். ஒருவர் ரீலைக் காத்தார், இன்னொருவர் ரீல் போனாலும் பெயராவது நிற்கட்டும் என்று பட்டியலைக் காத்தார். ஒரே மாதத்தில் இரண்டு பேரும் போனது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஆனாலும் முழுசாகக் கையை விரிக்க நான் தயாரில்லை. 1919-ல் கல்கத்தாவில் எடுத்த 'பில்வமங்கள்' என்ற மௌனப் படம் தொலைந்தே போச்சு என்று இருந்தார்கள். அதன் ஒரு பகுதி பாரிஸ் காப்பகத்தில் இருந்தது. 2016-ல் அதன் பிரதி புனேவுக்கு வந்து சேர்ந்தது. நம் படப்பெட்டிகள் ரங்கூன் போயின, பினாங்கு போயின, கொழும்பு போயின. போன பெட்டிகள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தனவா என்ன?

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ டூரிங் டாக்கீஸ் வைத்திருந்தார், சினிமாவில் பணம் போட்டு விட்டார் என்று வீட்டில் பேச்சு இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் ஏறுங்கள். துருப்பிடித்த வட்டத் தகர டப்பா, மூடியைத் தொட்டாலே காடி வாடை, இப்படி எதாவது தட்டுப்பட்டால் காயலான் கடைக்காரரைக் கூப்பிடாதீர்கள். பிரித்து இழுக்காதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், அடுப்படிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நிழலான, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுப் புனே காப்பகத்துக்கு ஒரு கடுதாசி போடுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். தேங்காயோடு வந்து சேர்கிறேன்.